தட்டு வக்கீல்

கறுப்பு அங்கி இல்லாமல், சட்டப் படிப்பு இல்லாமல், கட்சிக்காரர் என்று ஒருவர்கூட இல்லாமல், யாரும் கூப்பிடாமலே வாதாட வருகிற வக்கீல் இனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு எந்த அலுவலகத்துச் சாப்பாட்டு அறையை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். நீளமான மேசை, ஏழெட்டு டப்பாக்கள், எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்தவர் டப்பாவில் என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் சாதாரண மனிதர். நீங்களும் நானும் அந்த ரகம். என்ன இல்லை என்று பார்க்கிறாரே, அவர்தான் தட்டு வக்கீல்.

அவர் எதையும் சாப்பிடுவார். ஆடு, கோழி, மீன், முட்டை, பால், வெண்ணெய் என்று எதிலும் பாரபட்சம் காட்டாதவர். அது அவர் வாய், அவர் வயிறு; நமக்கு அதில் புகார் இல்லை. ஆனால் மேசையில் யாராவது வாய் தவறி, "எனக்கு வேணாங்க, நான் அதெல்லாம் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டால் போதும். கரண்டியைக் கீழே வைப்பார். வாயைத் துடைத்துக்கொள்வார். நாற்காலியை ஓர் அங்குலம் முன்னால் இழுப்பார். முகத்தில் ஒரு கனிவு வரும். அந்தக் கனிவைக் கண்டதும் டப்பாவை மூடிக்கொண்டு ஓடிவிடுவது உத்தமம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

முடிந்தது. இனிமேல் உங்கள் சோறு ஆறிப்போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கையில் மூன்று கேள்விகள் உண்டு. எந்த ஊர்த் தட்டு வக்கீலாக இருந்தாலும் அதே மூன்றுதான். யார் அச்சடித்து விநியோகம் செய்கிறார்களோ தெரியவில்லை. முதல் கேள்வி: செடிக்கும் உயிர் இருக்கிறதே, அதைப் பிடுங்கும்போது மட்டும் வலிக்காதா? இதைக் கேட்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். தன் வாழ்நாளில் ஒரு செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றியறியாதவர், வெண்டைக்காயின் வேதனையை நினைத்து உருகிப்போவார்.

இரண்டாவது கேள்வி தீவு. நீங்கள் ஓர் ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொள்கிறீர்கள். உங்களோடு ஒரே ஒரு கோழி. வேறு தீனி கிடையாது. என்ன செய்வீர்கள்? இதுவரை தட்டு வக்கீல்கள் அந்தத் தீவுக்கு அனுப்பியவர்களையெல்லாம் கணக்கெடுத்தால் அங்கே இன்றைக்கு நிற்க இடமிருக்காது, பேருந்து விட்டிருப்பார்கள். அது சரி, அந்தக் கோழி அத்தனை நாள் எதைத் தின்று உயிரோடு இருந்தது? கேட்டுப் பாருங்கள். காதில் விழாதது போலத் தண்ணீர் குடிப்பார்.

மூன்றாவது கேள்விக்கு அவர் மேசைக்கு அடியில் குனிய வேண்டியிருக்கும். "பெல்ட்டு என்ன, தோலா?"

இவரை யாரும் ஜெயித்ததில்லை. எப்படி ஜெயிப்பது? ஏதாவது ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறவன் எங்கேயாவது தடுக்கி விழத்தான் செய்வான். கொள்கையே வைத்துக்கொள்ளாதவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். அவர் எங்கே விழப்போகிறார்?

நான் ஏதோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் அக்காவைக் கட்டியவரே இந்த இனத்தில் முதல் தரம். நானும் அத்தானும் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறோம். அவர் ஆய்வாளர், மாடி மாடியாக ஏறி, கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்து ஒரு படிவத்தில் குறிப்பவர். நான் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களின் தொலைபேசிக் கூச்சலைக் கேட்பவன். குடியிருப்பதும் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் வாசல். நல்ல மனிதர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக நிற்பார். சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் அவருக்குள் அந்த வக்கீல் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அத்தானுக்குச் சமையலில் ஒன்றே ஒன்று தெரியும்: ஆம்லெட். வாரம் முழுக்க அவர் வேலை முடிந்து வரும்போது அக்காவும் மகளும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டுமே மூன்று பேரும் சேர்ந்து உட்காரும் வேளை. அன்றைக்கு அடுப்பு அவருடையது. ஆறு முட்டை, பெரிய சட்டி, முறுகலான ஓரம், மெத்தென்ற நடு. அளவெடுத்து மூன்றாக வெட்டுவார். இரண்டு ஓரமும் அவருக்கும் அக்காவுக்கும். நடுத்துண்டு மகளுக்கு. மகள் பல் முளைத்த நாளிலிருந்து அந்த நடுத்துண்டில் வேறு யாரும் கைவைத்ததில்லை.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நடுத்துண்டு மூடி போட்ட தட்டில் என் வாசலுக்கு வந்து நின்றது. பின்னால் அக்கா மகள்.

"மாமா, இதக் கொஞ்சம் சாப்பிட்டுருங்க."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விட்டுட்டேன் மாமா. அம்மாவுக்குத் தெரியும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"ஏன், அடிச்சிடுவாரா?"

"அடிச்சாக்கூடத் தேவலையே. கேள்வி கேப்பாரு."

மானமுள்ள மாமன் என்றால் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? பெற்றவரிடம் மறைப்பது தவறு என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் மூடியைத் திறந்து, மிளகு போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். போட்டிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் நடைமுறை. அத்தான் தட்டை நீட்டுவார். "ஆன்லைன் வகுப்பு இருக்குப்பா, ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று வாங்கிக்கொள்வாள். அவர் இரண்டாவது டீக்காக அடுக்களைக்குள் போகும் நேரம் பார்த்து, தட்டு வாசலைக் கடந்து என் வீட்டுக்கு வரும். மாதங்கள் ஓடின. தையற்காரர் என் கால்சட்டையின் இடுப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்தார். மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்துவிட்டு, முட்டை அதிகம் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். வாரம் ஒரு துண்டுதான், அதுவும் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மேசைக்காரன் முட்டையை ஒதுக்குவதைப் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுகிற மனிதருக்கு, சொந்த வீட்டில் நடப்பது எப்படித் தெரியாமல் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். தட்டு வக்கீலின் கண் தட்டில் இருப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர் காத்திருப்பது 'வேண்டாம்' என்ற சொல்லுக்காக. அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் வழக்கு. அக்கா மகள் அதைச் சொல்லவே இல்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வழக்கே இல்லாத இடத்தில் வக்கீலுக்கு என்ன வேலை?

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். அவளுக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு நடுத்துண்டு. அதோடு என் இடுப்பும் பிழைத்தது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து எங்கள் அலுவலகத்தில் உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்டோருக்கு வெள்ளையடித்தார்கள். இத்தனை நாளும் ஸ்டோருக்குள்ளேயே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்க்காரர், டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். ஆள் கதவு அகலம்; இரண்டு பேர் தூக்குகிற இரும்புச் சக்கரத்தை ஒற்றைக் கையால் நகர்த்துவார். அப்படிப்பட்டவர் முதல் நாளே, யாரோ நீட்டிய மீன் துண்டைப் பார்த்து, "வேணாங்க, கறி, மீன், பால் எதுவும் நாலு மாசமா தொடறதில்ல" என்று சொல்லிவிட்டார். அத்தான் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் எனக்கு மணி அடித்தது போலக் கேட்டது.

மூன்று நாள் விசாரணை நடந்தது. ஆனால் ஸ்டோர்க்காரர் வித்தியாசமான சாட்சி. அவர் எதிர்த்தே பேசவில்லை.

"செடிக்கும் உயிர் இருக்கே, அதுக்கு வலிக்காதா?"

"வலிக்கலாம் சார்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன சார், பசிக்குதே."

"சரி, ஒரு தீவுல நீங்க தனியா மாட்டிக்கிட்டீங்க..."

"போறப்ப பாத்துக்கறேன் சார். இப்ப ஸ்டோர்லதான இருக்கேன்."

"பெல்ட்டு?"

"தோலுதான் சார். பழசு. அறுந்ததும் துணி பெல்ட் வாங்கிக்குவேன்."

அத்தான் திணறிப்போனார். மடக்கினால் மடங்கிவிடுகிற ஆளை எப்படி மடக்குவது? வியாழக்கிழமை மேசையில் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தும் விட்டார்கள். தட்டு வக்கீல்கள் பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்பது வழக்கம். அன்றைக்கு ஆத்திரத்தில் அத்தான் அந்த வழக்கத்தை மீறினார்.

"இவ்ளோ உசந்த விஷயம்னா இன்னும் நாலு பேர் மாறியிருக்கணுமே? உங்கள மாதிரி இன்னொரு ஆளக் காட்டுங்க. நமக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். ஒரே ஒரு ஆளு. சொல்லுங்க பாப்போம்!"

ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் என் டப்பாவுக்குள் பார்த்தேன்.

"உங்க பொண்ணுதான் சார்," என்றார். "என்னை மாத்துனதே அவங்கதான?"

அக்கா மகள் ஆறு மாதத்துக்கு முன் எங்கள் ஸ்டோரில் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்திருந்தாள். அத்தானுக்கு அது தெரியும், அவர்தான் சேர்த்துவிட்டார். நாலு மணி டீயை அவள் தொடவில்லை என்பது மட்டும் தெரியாது.

"ஏம்மா குடிக்கலன்னு கேட்டேன் சார்," ஸ்டோர்க்காரர் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டே போனார். "ஒரு சிக்னல்ல கோழி ஏத்துன லாரி பக்கத்துல பத்து நிமிஷம் நின்னாங்களாம். அப்புறம் பாலு எப்படி வருதுன்னும் தேடிப் படிச்சாங்களாம். அவ்வளவுதான் சொன்னாங்க. என்னை விடச் சொல்லவே இல்ல. அன்னிக்கு வீட்டுக்குப் போயி தட்டு முன்னால உக்காந்தேன், எறங்கல சார்."

"எப்பலேர்ந்து?" என்றார் அத்தான். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

"அது உங்களுக்குத்தான சார் தெரியும்?"

அத்தான் டப்பாவை மூடினார். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "டேய், மனுஷன் வாயே தொறக்கல. லிஃப்ட்டு செக் பண்ற ஃபார்ம எடுத்து வெச்சு எழுதிட்டே இருக்காரு. எட்டிப் பாத்தேன், எல்லாம் கேள்வி. நாப்பத்தோரு கேள்விடா!"

"நாப்பத்தொண்ணா?"

"பக்கத்துலயே சரி, தவறு, குறிப்புன்னு கட்டம் வேற. திங்கக்கிழமை அவ கெளம்பறா. ஞாயித்துக்கிழமை இவரு கோர்ட்டு நடத்துனா, அப்புறம் அவ லீவுக்குக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா. போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு அங்கியே இருந்துருவா. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

அக்கா அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கேள்வியிலிருந்து தப்புவதற்காக ஒரே வீட்டுக்குள்ளேயே பதினோரு மாதம் ஒளிந்து சாப்பிட்டவளுக்கு, ஒரு பகல் ரயில் தூரம் எவ்வளவு வசதி!

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் வரச்சொல்லி உத்தரவு. மேசையில் மூன்று தட்டுகள். நடுவில் சட்டியோடு ஆம்லெட், மூன்றாக வெட்டியாயிற்று. அத்தான் முன்னால் படிவம், அதன் மேல் பேனா. மகள் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வகுப்பு இருப்பதாக அவள் சொல்லவில்லை.

"எத்தன மாசம்?"

"பதினொண்ணுப்பா."

அத்தான் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டார். "ஏன்?"

"ஒன்பது மாடி கட்டடத்துல லிஃப்ட்டு மேல புறா முட்டை போட்டிருக்குன்னு, மூணு வாரம் லிஃப்ட்ட ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே, ஏன்ப்பா?"

உண்மைதான். அந்தக் கட்டடத்துக்காரர்கள் தினமும் எனக்குத் தொலைபேசியில் விட்ட சாபம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அத்தான் படிவத்தில் கம்பியில் தேய்மானம் என்றுதான் காரணம் எழுதியிருந்தார்.

"அது... பாக்கப் பாவமா இருந்துச்சு."

"எனக்கும் அவ்வளவுதாம்ப்பா."

பேனா அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. "அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல? இத்தன மாசமா நான் வெட்டி வெச்ச துண்ட எல்லாம் யாரு சாப்பிட்டா?"

மூன்று பேரும் என் தொப்பையைப் பார்த்தார்கள்.

"வயித்துல அடிக்கறதுன்னா இதானா மாப்ளே?" என்றார் அத்தான்.

"என் வயித்தப் பாத்துட்டு யாரு வயித்துல அடிச்சதுன்னு சொல்லுங்க அத்தான்," என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை.

"சொன்னா நீங்க வாதாடுவீங்கப்பா," என்றாள். "நீங்க ஜெயிச்சுட்டா நான் பிடிக்காம சாப்பிடணும். நான் ஜெயிச்சுட்டா நீங்க குற்ற உணர்ச்சியோட சாப்பிடணும். ரெண்டுமே எனக்கு வேணாம்னு தோணுச்சு. உங்க ஆம்லெட்ட நீங்க சந்தோஷமா சாப்பிடறதப் பாக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கேள்வி இல்லாம நானும் பக்கத்துல உக்காந்து எதையாவது சாப்பிட்டா நல்லா இருந்திருக்கும். அதான் முடியல."

அத்தான் அந்தப் படிவத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது கேள்விகள் பாக்கி. மேசையில் சட்டியின் சூடு தாங்காமல் விரிப்பு கருக ஆரம்பித்திருந்தது. அவர் படிவத்தை நாலாக மடித்தார். சட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். எழுந்து அடுக்களைக்குப் போனார்.

உள்ளே டப்பாக்களைத் திறந்து திறந்து மூடும் சத்தம் கேட்டது. "கடலை மாவு எங்க இருக்கு?" என்றார். அக்கா எழப்போனாள், "உக்காரு, சொன்னாப் போதும்" என்றார். மாவைக் கரைத்தார், தக்காளியும் வெங்காயமும் நறுக்கிப் போட்டார். முட்டையை மட்டுமே அறிந்த கை. முதலில் ஊற்றியது தோசைக்கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது திருப்பும்போது நாலு துண்டாயிற்று. மூன்றாவது ஒரு பக்கம் வெந்தது, மறுபக்கம் கருகியது. அதைக் கொண்டுவந்து மகள் தட்டில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

எனக்குத் தெரிந்து, மேசையில் அவர் பதிலுக்காகக் கேட்ட முதல் கேள்வி அது.

"உப்பு ஜாஸ்திப்பா."

"அப்படியா? அடுத்த தடவ கொறச்சுடறேன்."

மறுப்பு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அவள் கருகிய பக்கத்தையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அத்தானும் அக்காவும் ஆம்லெட்டின் ஓரங்களைச் சாப்பிட்டார்கள். பதினோரு மாதம் கழித்து அந்த மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டு முடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்ல வெட்கமில்லை. நடுத்துண்டு ஆறிக்கொண்டிருந்ததால் கலங்கிய கண்ணோடு அதையும் நான்தான் சாப்பிட்டேன்.

அத்தான் திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த வாரமே அலுவலகத்தில், கத்தரிக்காய் பிடிக்காத ஒரு பாவப்பட்ட மனிதரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உலுக்கி எடுத்தார். ஸ்டோர்க்காரர் பக்கம் மட்டும் போவதில்லை.

நீங்கள் இதுவரை அத்தானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நல்லது. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நடுவில் எங்கேயாவது, 'முட்டை வேண்டாம், பால் வேண்டாம் சரி, இந்தப் பெண் தேன் சாப்பிடுவாளா? தேனீயும் ஓர் உயிர்தானே? அப்படியானால் பட்டுத் துணி?' என்று உங்களுக்குள் ஒரு கை உயரவில்லையா? நாற்காலியில் ஓர் அங்குலம் முன்னால் நகரவில்லையா? இல்லையென்றால் நீங்கள் நல்லவர்தான்; ஆனால் இப்போது நான் சொன்ன பிறகு நகர்ந்திருப்பீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். எனக்கும் அந்தத் தேன் கேள்வி மூன்று வாரமாக நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் அடுத்த மாதம் விடுப்பில் வருகிறாள். தானாகவே பயணச் சீட்டு எடுத்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி அப்பாவுக்குச் செய்தியும் அனுப்பியிருக்கிறாள். நேற்று அத்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அவர்கள் வீட்டுத் தேன் பாட்டில்.

"அவ இருந்துட்டுப் போற வரைக்கும் இது இங்கியே இருக்கட்டும் மாப்ளே. மேசையில கண்ணுல பட்டா நான் கேட்டுருவேன்."

வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உங்கள் வீட்டு மேசையிலிருந்து எதை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உங்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறாரே ஒருவர், அவருக்குத் தெரியும்.